கைக்குழந்தைக்கு சி.டி. ஸ்கேன்: கதிர்வீச்சு எண்ணைப் படிப்பது எப்படி?

ராத்திரி ஒன்பது மணி. பத்து மாதக் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது. காதுக்கு மேலே புடைப்பு. அழுதழுது ஓய்ந்து, இப்போது ஒரு மாதிரி சோர்ந்து கிடக்கிறது. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில் காட்டினால், "தலைக்கு ஒரு சி.டி. பாத்துடலாம், மதுரைக்குக் கொண்டு போங்க" என்கிறார்கள். வண்டியில் ஏறும்போதே வீட்டுக்குள் இரண்டு கட்சி. "டாக்டர் சொன்னா எடுத்துற வேண்டியதுதானப்பா" என்கிறார் தாத்தா. "பச்சப் பிள்ளை தலையில போயி கதிரைப் பாய்ச்சணுமா?" என்கிறார் அப்பத்தா. அம்மா கைபேசியில் தேடுகிறார். வருவதில் பாதி பயமுறுத்தல், மீதி விளம்பரம்.

இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. தேவையில்லாத ஸ்கேன் கைக்குழந்தைக்கு, பெரியவர்களைவிடக் கூடுதல் கதிர்வீச்சுச் சுமை. இந்த இரண்டுக்கும் நடுவில் பெற்றோருக்கு உதவக்கூடிய ஒரு எண் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் இயந்திரமே அதை எழுதி வைக்கிறது. அது எங்கே இருக்கும், கைக்குழந்தை விஷயத்தில் அதை அப்படியே நம்பினால் ஏன் தப்புக்கணக்காகும், அதைக் கைபேசியில் எப்படிப் பத்திரப்படுத்துவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

எண்ணைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஸ்கேன் வேண்டுமா என்ற கேள்வியை முதலில் பார்ப்போம்.

எப்போது தவிர்க்கலாம், எப்போது கூடாது

தலையில் அடிபட்ட குழந்தைகளில் யாருக்கு சி.டி. தேவை என்பதற்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு விதிமுறை இருக்கிறது. அமெரிக்காவில் 42,412 குழந்தைகளைக் கவனித்து உருவாக்கி, 2009-ல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அது பார்க்கச் சொல்வது இவை: நினைவு தெளிவாக இருக்கிறதா, மண்டை ஓட்டில் விரிசல் கைக்குத் தட்டுப்படுகிறதா, நெற்றியைத் தவிர வேறு இடத்தில் (பக்கவாட்டில், பின்மண்டையில்) புடைப்பு இருக்கிறதா, ஐந்து விநாடியோ அதற்கு மேலோ நினைவு தப்பியதா, மூன்று அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து விழுந்ததா அல்லது அதுபோல் பலமான அடியா. கடைசியாக ஒன்று: குழந்தை வழக்கம்போல இருக்கிறதா என்று பெற்றோரிடம் கேட்க வேண்டும்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "பிள்ளை எப்பவும் போல இல்லங்க டாக்டர்" என்று அம்மா சொல்வது அந்த விதிமுறையில் ஒரு மருத்துவ அறிகுறிக்குச் சமம். அதனால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 'நம்ம என்ன படிச்சிருக்கோம்' என்று பின்வாங்க வேண்டாம்.

மேலே சொன்ன எதுவுமே இல்லை என்றால், சி.டி. எடுக்காமலே கவனித்துப் பார்க்கலாம் என்பது அந்த ஆய்வின் முடிவு. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் உடனே தேவை. நடுவில் உள்ள அறிகுறிகளில் ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால், சில மணி நேரம் வார்டில் வைத்துக் கவனிப்பதா, ஸ்கேன் எடுப்பதா என்பதை மருத்துவர் குழந்தையைப் பார்த்து முடிவு செய்வார். "கொஞ்ச நேரம் வச்சுப் பாக்கலாமா டாக்டர்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, கண்மணி இரண்டும் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ கேள்விக்கே இடமில்லை. 108-ஐ அழையுங்கள், ஸ்கேன் என்றால் ஸ்கேன்தான்.

கைக்குழந்தைக்கு இன்னொரு வசதியும் உண்டு. உச்சிக்குழி மூடாத வரை, அதாவது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை வயது வரை, அந்த மெத்தென்ற இடத்தின் வழியாக அல்ட்ராசவுண்ட் வைத்தே மூளைக்குள் பார்க்கலாம். அது வெறும் ஒலி அலை, கதிர்வீச்சு துளியும் கிடையாது. குறைமாதக் குழந்தைகளுக்கும், தலை வேகமாகப் பெரிதாகும் குழந்தைகளுக்கும் இதுதான் முதல் பரிசோதனை. அடிபட்ட அவசரத்தில் மட்டும் இது சி.டி.க்கு ஈடாகாது, ஓரத்தில் இருக்கும் ரத்தக்கட்டு தப்பிவிடும். குடல் சொருகல் போன்ற வயிற்றுக் கோளாறுகளுக்கும் குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட்தான் முதலில்.

எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு இல்லை. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், அசையாமல் கிடக்க வேண்டும், பல சமயம் மயக்க மருந்து தேவைப்படும். சில குழந்தைகளுக்கு அந்தச் சிரமத்தையும் மீறி எம்.ஆர்.ஐ.தான் சரி. கண்ணின் விழித்திரையில் வரும் புற்றுக்கட்டி ஒரு உதாரணம். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது என்று பதறி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சுற்று மாவட்டங்களிலிருந்து வரும் பெற்றோர் உண்டு. இந்த நோய் பரம்பரை வகையாக இருந்தால், அந்தக் குழந்தையின் செல்கள் கதிர்வீச்சைத் தாங்கும் சக்தியில் மற்ற குழந்தைகளைவிடக் குறைந்தவை. அதனால்தான் உலகெங்கும் இந்தக் குழந்தைகளுக்கு சி.டி.யைத் தவிர்த்து எம்.ஆர்.ஐ.யை நாடுகிறார்கள்.

அளப்பது குழந்தையை அல்ல

சரி, ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எவ்வளவு கதிர்வீச்சு போயிருக்கும்?

காய்ச்சலை அளக்க அக்குளில் தெர்மாமீட்டர் வைப்பதுபோல, குழந்தையின் மூளைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ மீட்டர் வைத்து அளக்க முடியாது. அதற்குப் பதில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்த உருளையை அளக்கிறார்கள். இரண்டு அளவுகள் உண்டு: தலைக்கு 16 சென்டிமீட்டர் விட்டம், உடம்புக்கு 32 சென்டிமீட்டர் விட்டம். உருளையின் நடுவில் ஒரு துளை, ஓரத்தில் கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் நான்கு துளைகள். பென்சில் மாதிரி நீளமான, 10 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு அளவுகருவியை ஒவ்வொரு துளையிலும் செருகி, எக்ஸ் கதிரைச் சுழலவிட்டுப் பதிவு செய்கிறார்கள். நடு அளவில் மூன்றில் ஒரு பங்கு, ஓர அளவின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டையும் கூட்டினால் ஒரு சராசரி. படுக்கை எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதை வைத்து அதைத் திருத்தினால் கிடைப்பதுதான் திரையில் வரும் முதல் எண்.

ஆங்கிலத்தில் சி, டி, டி, ஐ என்ற நான்கு எழுத்தும், அதன் காலடியில் சின்னதாக வி, ஓ, எல் என்ற மூன்று எழுத்தும் சேர்ந்து இருக்கும். 'சி.டி.டி.ஐ. வால்' என்று சொல்வார்கள். அலகு மில்லிகிரே. அதைப் படம் எடுத்த நீளத்தால் பெருக்கினால் வருவது இரண்டாவது எண், 'டி.எல்.பி.'. அலகு மில்லிகிரே-சென்டிமீட்டர். ஸ்கேன் படங்களின் வரிசையில் முதலிலோ கடைசியிலோ, படமே இல்லாமல் வெறும் எழுத்தும் எண்ணுமாக ஒரு பக்கம் இருக்கும். அதுதான் டோஸ் ரிப்போர்ட். பல பேர் அதை 'ஏதோ பில் போல' என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். அந்த எண் உருளையைப் பற்றியது. உங்கள் குழந்தையைப் பற்றியது அல்ல.

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் நிதியுதவியில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதிரியக்கத் துறையிலிருந்து ஒரு குழு இரண்டு ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் இருக்கும் 127 சி.டி. இயந்திரங்களை நேரில் போய் அளந்தது. முடிவுகள் 2011-ல் இந்திய மருத்துவ இயற்பியல் இதழில் வெளியாயின. அந்த 127-ல் 13 பழைய முறை இயந்திரங்கள், 53 ஒற்றை அடுக்குச் சுழல் இயந்திரங்கள், 44 பல அடுக்கு இயந்திரங்கள், 17 ஏற்கெனவே பயன்படுத்திப் புதுப்பித்தவை. நெஞ்சு ஸ்கேனுக்கு 557, வயிற்றுக்கு 521, இடுப்புக்கு 294 மில்லிகிரே-சென்டிமீட்டர் என்று நம் மாநிலத்துக்கான ஒப்பீட்டு அளவுகளை அவர்கள் தந்தார்கள். நம் ஊர் இயந்திரங்களை நம் ஊர்க்காரர்களே அளந்து வைத்த கணக்கு என்பதால் இது பெரிய வேலை.

ஆனால் அவர்கள் பயன்படுத்தியது 32 சென்டிமீட்டர் உருளை. பெரிய ஆளின் உடம்புக்கான அளவு. கைக்குழந்தையின் நெஞ்சும் வயிறும் ஏறக்குறைய 10, 12 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரு சொம்பின் பருமன். ஒரு பூசணிக்காயையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் ஒரே வெயிலில் வையுங்கள். பூசணியின் மேல்தோல்தான் சுடும், உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். எலுமிச்சை உள்ளே வரை சூடாகிவிடும். கதிர்வீச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். பெரிய உடம்பில் வெளிச்சதை கொஞ்சம் உறிஞ்சி, உள்ளுறுப்புக்குப் போவதைக் குறைக்கிறது. குழந்தைக்கு அந்த மறைப்பு இல்லை. சுற்றிச் சுழலும் கதிர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் நடுவரை போய்ச் சேர்கிறது.

இதைச் சரிசெய்ய அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2011-ல் ஒரு பெருக்கல் அட்டவணை வெளியிட்டது. நெஞ்சு, வயிறு ஸ்கேனுக்கு அது பொருந்தும். 12 சென்டிமீட்டர் பருமனுள்ள குழந்தைக்கு, திரையில் '32' உருளைக் கணக்கு என்று இருந்தால் எண்ணை ஏறக்குறைய 2.4-ஆல் பெருக்க வேண்டும். '16' உருளைக் கணக்கு என்று இருந்தால் ஏறக்குறைய 1.2-ஆல் பெருக்கினால் போதும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தையின் வயிற்று ஸ்கேனில் 2 மில்லிகிரே என்று இருக்கிறது, பக்கத்தில் 32 சென்டிமீட்டர் உருளை என்று குறிப்பு. 'இவ்வளவுதானா' என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் குழந்தைக்குப் போனது 4.8 மில்லிகிரேயை ஒட்டி. இன்னொரு மருத்துவமனையில் அதே குழந்தைக்கு அதே அளவு கதிர் கொடுத்து, 16 உருளைக் கணக்கில் 4 என்று காட்டலாம். பார்க்கிறவர்கள் 'அங்கே இரண்டு மடங்கு கொடுத்துட்டாங்க' என்று சண்டைக்குப் போவார்கள். இரண்டும் ஒன்றுதான். எண்ணைப் பார்க்கும் முன் எந்த உருளை என்று பார்க்க வேண்டும். அந்தக் குறிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே, 'ஹெட் 16', 'பாடி 32' என்பதுபோல் இருக்கும்.

தலை ஸ்கேன் கணக்கு

கைக்குழந்தைகளுக்கு அதிகம் எடுப்பது தலை ஸ்கேன்தான். அதில் உருளைக் குழப்பம் இல்லை, எல்லா இடத்திலும் 16 உருளைதான். ஆனால் வேறொரு விஷயம் வருகிறது. ஒரே டி.எல்.பி. எண், வயதைப் பொறுத்து வேறு வேறு பாதிப்பு.

சிசுவின் மண்டை ஓட்டு எலும்பில் ரத்தம் உற்பத்தியாகும் மஜ்ஜை பெரியவர்களைவிட அதிகப் பங்கு இருக்கிறது. கழுத்துத் தைராய்டு சுரப்பியும் தலைக்கு மிக அருகில். செல்கள் வேகமாகப் பிரிந்து வளர்கிற பருவம் வேறு. ஒரு செல்லில் விழுந்த பழுது வெளியே தெரிவதற்கு இன்னும் எழுபது, எண்பது வருட வாழ்க்கை முன்னால் இருக்கிறது. எந்தெந்த உறுப்புக்கு எவ்வளவு கதிர் போனது என்பதைச் சேர்த்து ஒரே எண்ணாக்கிச் சொல்வதுதான் மில்லிசீவர்ட் என்ற அலகு.

தலை ஸ்கேனில் டி.எல்.பி.யை இப்படிப் பெருக்க வேண்டும்: பிறந்த குழந்தைக்கு 0.011, ஒரு வயதுக்கு 0.0067, ஐந்து வயதுக்கு 0.0040, பெரியவருக்கு 0.0021. கைபேசி கால்குலேட்டரிலேயே போட்டுப் பாருங்கள். சி.டி.டி.ஐ. வால் 20, எடுத்த நீளம் 14 சென்டிமீட்டர் என்றால் டி.எல்.பி. 280. ஒரு வயதுக் குழந்தைக்கு அது 1.9 மில்லிசீவர்ட், பிறந்த குழந்தைக்கு 3.1, தாத்தாவுக்கு எடுத்திருந்தால் 0.6 மட்டும்.

இது அதிகமா, கம்மியா? மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றிலிருந்தும் எல்லா மனிதருக்கும் இயற்கையாகவே கதிர்வீச்சு வருகிறது. உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். ஆக, சரியாக எடுத்த ஒரு தலை ஸ்கேன் குழந்தைக்குக் கொடுப்பது ஒரு வருட இயற்கைக் கதிர்வீச்சை ஒட்டிய அளவு. அப்பத்தா பயப்படுகிற அளவுக்கும் இல்லை, 'ஒண்ணுமே இல்லை' என்று தட்டிவிடும் அளவுக்கும் இல்லை.

பிரச்சினை எங்கே வருகிறதென்றால், பெரியவர் செட்டிங்கிலேயே குழந்தைக்கும் எடுக்கும்போது. பெரியவர் தலைக்கு 60 மில்லிகிரேயை ஒட்டிப் போவது வழக்கம். அதையே ஒரு வயதுக் குழந்தைக்குக் கொடுத்தால் 60 பெருக்கல் 14, டி.எல்.பி. 840, அதாவது 5.6 மில்லிசீவர்ட். மூன்று மடங்கு. படம் என்னவோ இன்னும் பளிச்சென்றுதான் வரும். நோயைக் கண்டுபிடிக்க அந்தப் பளிச்சு தேவையில்லை. இந்தத் தப்பு படத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-ல் வெளியிட்ட குழந்தைகளுக்கான அளவுகள் கைகொடுக்கும். தலை ஸ்கேனுக்கு மூன்று மாதம் வரை 24 மில்லிகிரே, டி.எல்.பி. 300. மூன்று மாதத்திலிருந்து ஒரு வயது வரை 28, டி.எல்.பி. 385. ஒன்றிலிருந்து ஆறு வயது வரை 40, டி.எல்.பி. 505. இது தாண்டக்கூடாத கோடு அல்ல. ஒரு மருத்துவமனையின் வழக்கமான அளவு தொடர்ந்து இதற்கு மேலே இருந்தால் செட்டிங்கைப் பார்க்க வேண்டும் என்பதற்கான அடையாளம். உங்கள் குழந்தையின் ஒரு ஸ்கேனில் 30 என்று இருந்தால் பதற வேண்டாம். 60, 70 என்று இருந்தால், "இது குழந்தைங்களுக்கான செட்டிங்லதான் எடுத்ததா சார்?" என்று கேட்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. மில்லிசீவர்ட் கணக்கு ஒன்றோடொன்று ஒப்பிடத்தான். அதை வைத்து 'என் பிள்ளைக்கு இத்தனை சதவீதம் கேன்சர் வரும்' என்று யாரும் கணக்குப் போட முடியாது, போடவும் கூடாது. அப்படிச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி வந்தால் அழித்துவிடுங்கள்.

உண்மையில் ஆபத்து எவ்வளவு

பிரிட்டனில் 1985 முதல் 2002 வரை சி.டி. எடுத்த, 22 வயதுக்குக் குறைந்த சுமார் 1,78,000 பேரைப் பின்தொடர்ந்து 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. பத்து வயதுக்குள் 10,000 குழந்தைகளுக்குத் தலா ஒரு தலை ஸ்கேன் எடுத்தால், அடுத்த பத்து ஆண்டில் கூடுதலாக ஒரு ரத்தப்புற்றும் ஒரு மூளைக்கட்டியும் வரலாம் என்பது அதன் மதிப்பீடு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 9,48,174 பேரைப் பார்த்த இன்னும் பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. சராசரியாக 8 மில்லிகிரே பெறும் 10,000 குழந்தைகளில், அடுத்த 12 ஆண்டில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு அதனால் ரத்தம் சார்ந்த புற்று வரலாம் என்றது.

பத்தாயிரத்தில் ஒன்று, இரண்டு. மண்டைக்குள் ரத்தம் கசிகிற குழந்தைக்கு முன்னால் இது மிகச் சின்ன எண். அங்கே சில மணி நேரத்தில் உயிர் போகலாம். ஆனால் ஸ்கேன் தேவையே இல்லாத குழந்தைக்கு, அந்த ஒன்றும் வீண். முன்பு எடுத்த ஸ்கேன் படம் தொலைந்துபோய் அதையே மறுபடி எடுக்கிறோமே, அந்தச் சமயத்திலும் அப்படித்தான்.

ஒரு விஷயம் பல வீடுகளில் கேட்கிறார்கள். ஸ்கேன் எடுத்த பிள்ளையைத் தூக்கலாமா, தாய்ப்பால் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். எக்ஸ் கதிர் உடம்பில் ஒட்டிக்கொண்டு இருக்காது. விளக்கை அணைத்தால் வெளிச்சம் போவதுபோல அந்த நொடியே போய்விடும். கதிரைக் கழுவக் குளிப்பாட்ட வேண்டியதும் இல்லை.

ஸ்கேன் அறை வாசலில்

நம் பகுதியில் பலர் கடைசியில் வந்து சேரும் இடம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, நாம் சொல்கிற பெரியாஸ்பத்திரி. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் குறைந்த கட்டணத்தில் நடத்துகிறது. அரசோ தனியாரோ, எந்த சி.டி. இயந்திரமும் 1983-ல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றுத்தான் இயங்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது தரப் பரிசோதனை செய்ய வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்கலாம்.

அறை வாசலில் கேட்க வேண்டியது அதிகமில்லை. இதே இடத்தில் முன்பு ஏதாவது ஸ்கேன் எடுத்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். மருந்து செலுத்தாமல் ஒருமுறை, செலுத்தி ஒருமுறை என்று இரண்டு தடவை எடுக்கச் சொல்லியிருந்தால், "ஒரு தடவையிலயே முடியுமா?" என்று கேளுங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஒன்றே போதும், இரண்டு என்றால் கதிரும் இரண்டு மடங்கு. கேட்ட இடத்தை மட்டும் எடுப்பதும் முக்கியம். தலைக்கு என்றால் தலைதான், கழுத்து வரை நீள வேண்டியதில்லை.

குழந்தை அசைந்தால் படம் கலங்கும், மறுபடி எடுக்க வேண்டும். இன்றைய இயந்திரங்களில் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுவதால், பால் கொடுத்துத் தூங்கவைத்து, துணியில் சுற்றிப் படுக்க வைத்தாலே பல சமயம் போதும். ஒரு எச்சரிக்கை: மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும். அதனால் பால் கொடுக்கும் முன் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தையைப் பிடித்துக்கொள்ள யாராவது உள்ளே போக வேண்டியிருந்தால், கர்ப்பமாக இருப்பவர் போகக்கூடாது. சந்தேகம் இருந்தாலும் கூடாது. அப்பாவோ சித்தியோ ஈயக் கவசம் போட்டுக்கொண்டு நிற்கட்டும். குழந்தையின் மேல் ஈயம் போர்த்தச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். படம் எடுக்கும் பகுதிக்குள் ஈயம் வந்துவிட்டால், சில இயந்திரங்கள் தானாகவே கதிரைக் கூட்டிவிடும்.

'பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்தான் வரம்பு, நீங்க எப்படி 2 குடுத்தீங்க' என்று சிலர் இணையத்தில் படித்துவிட்டு வாதாடுவதுண்டு. அந்த வரம்பு உண்மை, ஆனால் நோயாளிக்கு அல்ல. கதிரால் எந்தப் பயனும் பெறாமல் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கானது அது. நோயாளிக்கு வரம்பு வைத்தால், தேவையான சிகிச்சையே தடைபடும். அங்கே கேள்வி, இந்த ஸ்கேன் தேவையா, தேவை என்றால் குறைந்த அளவில் எடுத்தார்களா என்பதுதான்.

அந்தப் பக்கத்தைக் கைபேசியில் வையுங்கள்

2008 ஜனவரியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இரண்டு வயது நிரம்பாத ஒரு பையன் கட்டிலிலிருந்து விழுந்தான். நம் கதையில் வரும் குழந்தை மாதிரியேதான். கழுத்தில் அடியா என்று பார்க்க சி.டி. எடுத்தார்கள். சில நிமிடத்தில் முடிய வேண்டிய வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. ஒரே இடத்தில் 151 முறை கதிர் பாய்ந்திருந்தது. பெற்றோர் சந்தேகப்பட்டுக் கேட்டதால்தான் விஷயம் வெளியே வந்தது. இதையும் இதுபோன்ற வேறு சம்பவங்களையும் தொடர்ந்து, ஒவ்வொரு சி.டி.யின் அளவையும் நோயாளியின் அறிக்கையில் எழுத வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. 2012 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

நம் வீட்டில் நாமே அந்தப் பதிவை வைத்துக்கொள்ளலாம். பிலிமையோ சி.டி. தட்டையோ வாங்கும்போது, "டோஸ் ரிப்போர்ட் பக்கமும் இதுல இருக்கா?" என்று கேளுங்கள். பிலிமில் அது அச்சாகாமல் இருக்கலாம். திரையில் காட்டச் சொல்லிக் கைபேசியில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். போட்டோவில் ஐந்து விவரம் தெரிய வேண்டும்: தேதி, எந்த இடத்து ஸ்கேன், சி.டி.டி.ஐ. வால், எந்த உருளை, டி.எல்.பி. குழந்தையின் அன்றைய எடையையும் அதன் கீழே குறித்துவிடுங்கள், பிற்பாடு மருத்துவ இயற்பியலாளர் யாராவது பார்த்தால் அது உதவும்.

போட்டோவைக் கேலரியிலேயே விட்டால், கல்யாண போட்டோவுக்கும் குட்மார்னிங் படத்துக்கும் நடுவில் காணாமல் போய்விடும். டிஜிலாக்கரில் பதிவேற்றி வைக்கலாம். 14 இலக்க ஆபா எண் இருந்தால், அந்தச் செயலியில் மருத்துவ ஆவணமாகச் சேர்க்கலாம். தடுப்பூசி அட்டை இருக்கும் அதே இடத்தில் ஸ்கேன் தட்டும் இருக்கட்டும். திருமங்கலத்தில் எடுத்ததை மதுரையில் காட்டினால், அதே ஸ்கேனை மறுபடி எடுக்காமல் போகலாம். கைக்குழந்தைக்குக் கதிர்வீச்சைக் குறைக்க இதைவிடச் சுலபமான வழி வேறெதுவும் இல்லை.

அன்றைக்கு வாங்க மறந்துவிட்டீர்களா? இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமையுள்ளவரோ மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் குழந்தையின் பெயர், ஸ்கேன் எடுத்த தேதி, பதிவு எண் எழுதி, 'டோஸ் ரிப்போர்ட் பக்கம் உட்பட' என்று சேர்த்துக் கொடுங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள். எங்கே போய்க் கேட்பது, யாரைப் பார்ப்பது என்று புரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.